தோன்றா எழுவாய்

முருங்கைக்கீரை ஆய அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். மாலையில் வாங்கிவந்த கீரையைக் கழுவாமல், காம்போடு, ஒரு பழைய வேட்டித் துணியில் இறுக்கிச் சுற்றி மூலையில் வைத்துவிட வேண்டும். காலையில் மூட்டையை அவிழ்த்து இரண்டு உதறு உதறினால் இலையெல்லாம் துணியில் உதிர்ந்து கிடக்கும். கையில் ஈர்க்கு மட்டும் மிஞ்சும். ஒன்றிரண்டு சிறு காம்புகளைப் பொறுக்கி எறிந்தால் வேலை முடிந்தது. உட்கார்ந்து இணுக்கு இணுக்காக உருவினால் அரை மணி நேரம் ஆகும். இதில் ஐந்து நிமிடம்.

மேற்குத் தாம்பரத்துக்கு நான் கல்யாணமாகி வந்து 20 ஆண்டுகள் ஆகின்றன. வாரத்துக்கு ஒருமுறையாவது, கல்லூரி முடிந்து மின்ரயிலில் வந்து இறங்கி, சண்முகம் சாலையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கி, அம்மா சொன்னபடியே சுற்றி வைத்திருக்கிறேன். போன வருடம் ஒருநாள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு முறைக்கு 25 நிமிடம் மிச்சம். வருடத்துக்கு ஏறக்குறைய 22 மணி நேரம். 20 வருடத்துக்கு 18 முழு நாட்கள்.

பாரதப் போரையே 18 நாளில் முடித்துவிட்டார்கள். எனக்கு மிச்சமான 18 நாட்களில் நான் என்ன செய்தேன்?

எவ்வளவு யோசித்தும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கீரை ஒன்றுக்கே 18 நாள் என்றால், நான் அறிந்த மற்ற குறிப்புகள் எல்லாம் சேர்த்து எனக்கு மிச்சப்படுத்திக் கொடுத்தது எத்தனை மாதம்? என் இரண்டாவது கவிதைத் தொகுப்புக்கும் மூன்றாவதுக்கும் நடுவே 11 ஆண்டு இடைவெளி இருக்கிறது. நேரமில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

*

வீட்டுக் குறிப்புகளை நான் ஏளனமாக நினைத்ததில்லை. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அதன் பெண்கள் பெட்டியில் 16 வருடங்களாகப் போய்வருகிறேன். காலையில் அங்கே பூ கட்டுகிறார்கள், அவரைக்காய் நார் உரிக்கிறார்கள், தலை பின்னிக்கொள்கிறார்கள். சின்ன வெங்காயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு வைத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும் என்று எனக்குச் சொன்னவர் குரோம்பேட்டையில் ஏறும் ஒரு செவிலியர். தேங்காய் மூடியை இரவு ஃப்ரீசரில் வைத்துக் காலையில் எடுத்தால் ஓட்டிலிருந்து பருப்பு முழுசாகக் கழன்றுவிடும் என்று சொன்னவரின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. சித்திரை மாதத்தில் உளுந்து அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் தெளித்தால் மாவு சூடாகாது, சீக்கிரம் புளிக்காது. இதெல்லாம் சோதித்துப் பார்த்துக் கண்டுபிடித்த அறிவு. கண்டுபிடித்த பெண்களின் பெயர்தான் எங்கேயும் பதிவாகவில்லை.

அம்மா இறந்து சாமான்களைப் பிரித்தபோது அக்காவுக்குச் சங்கிலி, எனக்கு ஒரு நோட்டு. என் ஆறாம் வகுப்பு வரலாற்று நோட்டில் மீந்த பக்கங்களில், பத்திரிகைகளில் வந்த குறிப்புகளை வெட்டிச் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தாள். இடையிடையே அவள் கையெழுத்து. ‘அடிபிடித்த பாத்திரத்தில் உப்பும் தண்ணீரும் ஊற்றிக் கொதிக்கவிட்டால் சுலபமாகத் தேய்க்க வரும்.’ ‘அரிசிப் பானையில் காய்ந்த மிளகாய் நாலு போட்டுவைத்தால் வண்டு வராது.’ ‘பச்சைப் பட்டாணி வேகும்போது சிட்டிகை சர்க்கரை சேர்த்தால் நிறம் மாறாது.’

தமிழ் படித்தவளுக்கு எதைப் படித்தாலும் இலக்கணம்தான் முதலில் கண்ணில் படும். இந்த வாக்கியங்கள் எதிலும் வேலையைச் செய்பவர் எழுவாயாக வரவில்லை. ஊற்றினால், போட்டால், சேர்த்தால். யார் ஊற்றினால்? யார் போட்டால்? வாக்கியத்தில் வெளிப்படையாக வராமல், வினையை வைத்து நாமே உணர்ந்துகொள்ளும் எழுவாயைத் தோன்றா எழுவாய் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டுக் குறிப்புகளில் அது யார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

நோட்டின் நடுப்பக்கத்தில் முருங்கைக்கீரைக் குறிப்பு இருக்கிறது, அச்சில். அம்மா எழுதி அனுப்பிப் பிரசுரமானது. எண்பதுகளின் நடுவில் இருக்கும், நாங்கள் அப்போது திண்டிவனத்தில் இருந்தோம். கீழே ‘திருமதி’ என்று போட்டு அப்பாவின் பெயர், ஊர். அம்மா தன் பெயரைத்தான் எழுதி அனுப்பினாளா என்று கேட்டதற்கு, “ரெண்டும் எழுதினேன், அவங்களுக்கு இதான் புடிச்சிருக்கு” என்றாள். பரிசு பத்து ரூபாய் மணியார்டரில் வந்தது. தபால்காரர், ஃபாரத்தில் இருக்கும் பெயரில்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். வாழ்நாளில் அச்சேறிய ஒரே எழுத்துக்கு அம்மா அப்பாவின் பெயரில் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கினாள். அந்தப் பத்து ரூபாய் மளிகைக் கடைப் பாக்கிக்குப் போனது.

*

குறுந்தொகையின் 167ஆம் பாட்டைப் பல வருடங்கள் பாடம் நடத்தியிருக்கிறேன். கூடலூர்கிழார் பாடியது. புதிதாக மணமான பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் சொல்வதாக வரும். கட்டித் தயிரைப் பிசைந்த விரலை அந்தப் பெண் உடுத்திய ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். அதை மாற்றவும் நேரமில்லை. தாளிக்கும் புகை மை தீட்டிய கண்ணில் ஏறுகிறது. புளிக்குழம்பு ஆகிவிட்டது. கணவன் இனிதென்று சொல்லி உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. இல்லற இன்பத்துக்கு இதைவிட நல்ல சான்று இல்லை என்று நானும் சொல்லித்தான் நடத்தினேன்.

ஒரு வருடம், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “துடைச்சிக்கிட்ட அந்தச் சேலைய அப்புறம் யாரு மேடம் தொவைச்சா?” வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து, ஏதோ சொல்லி அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். அந்தப் பெண் தினமும் நாலு பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு ஊரப்பாக்கத்திலிருந்து வருபவள் என்பது எனக்குத் தெரியும். அவள் கேலிக்குக் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும் ரயிலில்தான் அது எனக்கு உறைத்தது. பாட்டில் செவிலி பேசுகிறாள், தாய் கேட்கிறாள், கணவன்கூட ஒரு சொல் சொல்கிறான். சமைத்தவள் மட்டும் பேசுவதே இல்லை. அவள் முகத்தை வைத்து நாம் உணர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

*

18 நாட்கள் எங்கே போயின என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் கணக்கு எழுதினேன். நோட்டில் இரண்டு பத்தி. இடது பக்கம் ‘மிச்சம்’, வலது பக்கம் ‘போனது’.

திங்கள்: குக்கரில் அடுக்கு வைத்து சாதம், பருப்பு, உருளைக்கிழங்கு மூன்றையும் ஒரே தடவையில் வேகவைத்தேன், 20 நிமிடம் மிச்சம். போனது, மகனின் அடையாள அட்டையைத் தேடியதில். செவ்வாய்: ஃப்ரீசர் தேங்காய், 15 நிமிடம். போனது, மாமனாரின் வாரத்து மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டதில். புதன்: முருங்கைக்கீரை, 25 நிமிடம். அன்றைக்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. கீரை சீக்கிரம் ஆகிவிட்டதே என்று நானே ஊறவைத்த பருப்பை அரைத்து வடை தட்டியிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. சனி: வாரத்துக்கு வேண்டிய இட்லி மாவை மொத்தமாக அரைத்து வைத்ததில் வரும் நாட்களுக்கு ஒரு மணி நேரம். அன்று மாலையே கணவரின் நண்பர்கள் இருவர் வந்தார்கள். “மாவுதான் இருக்குல்ல, நாலு தோசை ஊத்திடேன்மா.”

வார முடிவில் இடது பத்தியின் கூட்டுத்தொகை 190 நிமிடம். அதில் எனக்கென்று செலவானது 7 நிமிடம். மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனவள் சும்மா நின்றிருக்கிறேன்.

இந்தக் கணக்கை நாட்டுக்கே எடுத்திருக்கிறார்கள். ஒன்றிய அரசின் புள்ளியியல் துறை 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும், அன்றைக்கு ஏதாவது வீட்டு வேலை செய்த ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால். அப்படிச் செய்தவர்கள் 100 ஆண்களில் 26 பேர், 100 பெண்களில் 81 பேர். 2024-இல் மறுபடி கணக்கெடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து வருடத்தில் எத்தனை மிக்சி, எத்தனை வாஷிங் மெஷின், கைபேசியில் எத்தனை ஆயிரம் குறிப்புகள். பெண்ணுக்குக் குறைந்தது 10 நிமிடம். ஆணுக்கும் 9 நிமிடம் குறைந்துவிட்டது.

அமெரிக்காவில் கிறிஸ்டீன் ஃப்ரெடரிக் என்ற பெண் 1912-இல் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ இதழில் ஒரு தொடர் எழுதினார். தொழிற்சாலையில் தொழிலாளியின் கையசைவுகளை அளந்து நேரத்தைக் குறைத்த டெய்லரின் முறையைச் சமையலறைக்குக் கொண்டுவந்தவர். எந்தப் பாத்திரம் எங்கே இருந்தால் எத்தனை அடி நடை குறையும் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார். தொழிற்சாலையில் மிச்சமான நேரம் முதலாளிக்குப் போயிற்று. சமையலறையில் யாருக்குப் போயிற்று? அதே நாட்டின் வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் வெளியிட்ட நூலின் தலைப்பே ‘அம்மாவுக்கு இன்னும் அதிக வேலை’ என்று பொருள்படும். கருவிகள் வரவர வேலையின் கடுமை குறைந்தது. ஆனால், எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டே போனதால் நேரம் குறையவில்லை என்பது அவர் கண்டது.

அதைப் புரிந்துகொள்ள எனக்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. ஆட்டுக்கல் இருந்தவரை எங்கள் வீட்டில் இட்லி ஞாயிற்றுக்கிழமைப் பண்டம். முதல் நாள் மாலை அம்மா முழங்கை நோக ஆட்டுவாள், பாட்டி தள்ளிவிடுவாள். கோயம்புத்தூரில் பிறந்து, பின்னால் புவிசார் குறியீடும் பெற்ற கிரைண்டர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது தெருவே வந்து பார்த்தது. அம்மாவின் தோள்வலி போனது உண்மை. அதற்கு நான் அந்த இயந்திரத்தைக் கும்பிடுவேன். 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியபோது கிண்டல் செய்தவர்களில் எத்தனை பேர் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள் என்று கேட்கத் தோன்றியது. ஆனால், கிரைண்டர் வந்த வருடமே இட்லி தினமும் வேண்டியதாகிவிட்டது. கூடவே சட்னி இரண்டு வகை ஆனது.

*

எந்தக் குறிப்புக்கும் அடங்காத ஒரு கோடையும் பார்த்தோம். 2019. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம். எங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணறுகள் காற்றைத்தான் கக்கின. அப்போது பெண்கள் பெட்டியில் வேறு பேச்சே இல்லை. தட்டை முதலில் தாளால் துடைத்துவிட்டுக் கழுவினால் பாதித் தண்ணீர் போதும். அரிசி களைந்த நீர் கருவேப்பிலைக்கு. துணி அலசிய நீர் கழிப்பறைக்கு. நானும் எல்லாவற்றையும் செய்தேன், கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினேன். ஆனால், இரவு ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ வரும் லாரிக்காகக் குடங்களோடு தெருமுனையில் உட்கார்ந்திருந்த நேரத்தை மிச்சம் பிடிக்க யாரிடமும் குறிப்பு இல்லை. உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏரியைக் காப்பாற்றாமல் விட்டது எத்தனையோ பேரின் தவறு. அதைச் சமாளிக்கும் சாமர்த்தியம் மட்டும் இல்லத்தரசியின் பொறுப்பு.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வருகிறார். பேத்தியை அவர்தான் வளர்க்கிறார். அரசுப் பள்ளிகளில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிவானது. அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது அக்கா சொன்னார்: “காலைல அது பின்னாடி தட்டத் தூக்கிக்கிட்டு ஓடுற வேலை இல்லம்மா. ஸ்கூல்லயே உப்புமா, பொங்கல்னு துன்னுடுது. நான் ஒரு அரை மணி கூடத் தூங்குறேன்.”

மிச்சமான நேரத்தில் தூங்கினேன் என்று ஒரு பெண் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த அரை மணி நேரம் அவர் சாமர்த்தியத்தால் வந்ததில்லை. வேலையே வீட்டுக்கு வெளியே போனதால் வந்தது. பல ஊர்களில் அந்த உணவைச் சமைப்பவர்களும் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள்தான், ஆனால் அது கணக்கில் வரும் வேலை. 2021-இலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதும் அவருக்கு அப்படித்தான். முன்பு ஒரு டிக்கெட் காசை மிச்சம் பிடிக்க இரண்டு நிறுத்தம் நடந்துவருவார்.

*

போன தை மாதம் அம்மாவின் நோட்டைத் திருத்தி எழுத ஆரம்பித்தேன். குறிப்புகளை மாற்றவில்லை, எழுவாய் மட்டும் சேர்த்தேன். ‘மகன் சின்ன வெங்காயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டுவைத்து உரிப்பான்.’ ‘மகள் தேங்காய் மூடியை இரவு ஃப்ரீசரில் வைப்பாள்.’ ‘கணவர் புதன்கிழமை மாலை முருங்கைக்கீரை வாங்கித் துணியில் கட்டி வைப்பார்.’ எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

கணவர் படித்துவிட்டு, “இது என்ன, கொஸ்டின் பேப்பரா?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. “எதாவது ஹெல்ப் பண்ணட்டுமா?” என்று கேட்கிறவர்தான். அந்தச் சொல்தான் எனக்கு உறுத்தத் தொடங்கியிருந்தது. 2023-இல் மாதம் 1000 ரூபாய்த் திட்டத்துக்கு மகளிர் உதவித் தொகை என்று வைக்காமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தார்கள். ஒரு சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடாது. ஆனால், உதவி என்று சொல்லும் வரை வேலை இன்னொருவருடையது. “ஹெல்ப் வேணாம். புதன்கிழமை உங்களுது” என்றேன்.

ஒட்டி இரண்டு நாள் கழித்து, அக்கா தரை துடைத்துக்கொண்டே ஃப்ரிட்ஜ் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படிப்பார். “எல்லார் பேரும் இருக்குதே” என்று சொல்லிவிட்டுத் துடைப்பதைத் தொடர்ந்தார். எல்லோரும் இருந்தோம், மாமனார்கூட இருந்தார். அக்கா இல்லை. 12 வருடங்களாக என் வீட்டில் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்து, என்னை 7.40 ரயிலில் ஏற்றிவிடுபவர். எனக்குத் தெரிந்த குறிப்புகள் எல்லாம் சேர்ந்து மிச்சப்படுத்தியதைவிட அவர் ஒருவர் எனக்குக் கொடுத்த நேரம் அதிகம். என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நன்றியுரையில் நூலகரின் பெயர் இருக்கிறது, தட்டச்சு செய்தவரின் பெயர் இருக்கிறது. பெண் எழுத்து பற்றிக் கூட்டங்களில் பேசுகிற நானும் அவரைத் தோன்றா எழுவாயாகத்தான் வைத்திருந்தேன்.

அன்று மாலை ஒரு வரி சேர்த்தேன். ‘ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குச் சம்பளத்தோடு விடுமுறை. அன்று பாத்திரம் தேய்ப்பது மகன்.’ சம்பளத்தையும் கூட்டினேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. 12 வருடத்துக்கு 50 ஞாயிறு வீதம் 600 ஞாயிறு வருகிறது. அதை நான் திருப்பிக் கொடுக்க முடியாது.

முதல் இரண்டு புதன்கிழமை கணவர் கீரையை மறந்துவிட்டார். கீரை இல்லாமல் சாப்பிட்டோம். மூன்றாவது புதன் ஒரு கட்டு வாங்கிவந்து, அலமாரியில் முதலில் கைக்கு அகப்பட்ட துணியில் சுற்றினார். அது எனக்குப் பரிசாக வந்த பவானி ஜமக்காள விரிப்பு. புத்தம் புதியது. வாய்வரை வந்த சொல்லை விழுங்கினேன். விழுங்காவிட்டால் அடுத்த புதன் கீரை என்னிடமே திரும்பி வந்துவிடும்.

காலையில் அவர் அதை பால்கனியில் உதறினார். இலையெல்லாம் ஜமக்காளத்தில் உதிர்ந்தது, கொஞ்சம் வெளியேயும் சிந்தியது. யார் கட்டினாலும் முருங்கை இலை உதிரத்தான் செய்கிறது. பத்திரிகையில் வந்த அம்மாவின் குறிப்பின் கீழே, அந்தத் திருமதிக்குப் பக்கத்தில், அம்மாவின் பெயரைப் பேனாவால் எழுதிவைத்தேன்.

பிறகு எனக்கு 25 நிமிடம் இருந்தது. அடுப்பைத் துடைக்கக் கை போனது. வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் உட்கார்ந்தேன். கவிதை ஒன்றும் வரவில்லை. கடற்கரை ரயில் கிளம்பும் சத்தம் கேட்டது. அது என் ரயில் இல்லை, அதற்கு இன்னும் நேரம் இருந்தது.